வன்னியில் யாரிடம் எந்த உண்ணி

மாட்டுக்கு உண்ணி எங்கேயிருந்து வருகிறது என்று வட இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ மாட்டுப் பட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். காட்டுப் பக்கம் கையை நீட்டித்தான் பதில் சொல்வார். "காட்டில இருந்துதான் பிள்ளை. மானிலயும் பன்றியிலயும் கிடக்கிறது மாட்டில ஏறுது." கால்நடைகளோடு வேலை செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பதிலை நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாட்டின் அலைதாடியில் கொத்தாகத் தொங்குகிறதே, அந்த உண்ணிக்குக் காடே தேவையில்லை. அந்த மாடு சில வாரங்களுக்கு முன் எங்கே படுத்திருந்ததோ அங்கேயிருந்துதான் பெரும்பாலும் அது வந்திருக்கும்.

வன்னியில் இருப்பது ஒரே வகை உண்ணி இல்லை. பல வகை இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித் தனி மிருகம், தனி நிலம், தனிக் காலம். எது எந்த மிருகத்தில் ஏறும், எங்கே விழும், எங்கே காத்திருக்கும் என்று தெரியாமல் மருந்தை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் காசும் போகும், மாடும் போகும். இதைப் பல வீட்டு முற்றங்களில் நின்று சொல்லியிருக்கிறேன். எழுத்திலும் இருக்கட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் அடிப்படை. உண்ணி பூச்சி இல்லை, சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. முட்டையிலிருந்து வரும் லார்வாவுக்கு ஆறு கால். ஒருமுறை இரத்தம் குடித்துத் தோல் கழற்றியதும் எட்டுக் கால் உள்ள நிம்ப். இன்னொருமுறை குடித்துக் கழற்றினால் முழு வளர்ச்சி. உலகில் உண்ணிகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. மென்னுண்ணிகள் கூட்டிலும் பொந்திலும் பதுங்கியிருந்து, இரவில் வந்து சில நிமிடங்களில் குடித்துவிட்டுப் போய்விடும். வன்னுண்ணிகள் அப்படியில்லை. முதுகில் கெட்டியான ஓடு இருக்கும். ஆணுக்கு அது முதுகு முழுவதையும் மூடும், பெண்ணுக்கு முன்பகுதியை மட்டும். அதனால்தான் பெண் உண்ணியால் வயிறு ஊதி ஊதி, ஏறும்போது இருந்த எடையைப்போல் நூறு மடங்கு வரை பெருக்க முடிகிறது. இவை நாட்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டியிருந்து குடிக்கும். வாயில் பின்நோக்கிய முட்கள், சுற்றிலும் பசைபோல இறுகும் உமிழ்நீர், வலி தெரியாமல் இருக்கவும் இரத்தம் உறையாமல் இருக்கவும் அதே உமிழ்நீரில் மருந்துகள். இந்த வன்னுண்ணிகளில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் உலகில் இருக்கின்றன. நான் பேசப்போவது இவற்றைப் பற்றித்தான்.

மாட்டுண்ணியிலிருந்து தொடங்குகிறேன். ரிப்பிசெபாலஸ் மைக்ரோப்ளஸ் என்பது அதன் பெயர். பழைய புத்தகங்களில் பூஃபிலஸ் என்று இருக்கும். இது ஆசியாவின் உண்ணி, நம் பக்கத்து மாடுகளோடு வளர்ந்தது. கப்பல் ஏறிய மாடுகளோடு சேர்ந்து இதுவும் உலகம் சுற்றியது. தென் அமெரிக்காவுக்குப் போனது, ஆபிரிக்காவுக்குப் போனது. 1872இல் இந்தோனேசியாவிலிருந்து டார்வினில் இறக்கிய மாடுகளோடு அவுஸ்திரேலியாவுக்குள்ளும் மாட்டுண்ணி புகுந்தது. அங்கே உள்ளதை 2012இல் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள், ஆனாலும் மிக நெருங்கிய உறவுதான். அங்குள்ள பண்ணைக்காரர்களுக்கு இன்றுவரை தீராத தலையிடி அது. மாட்டுண்ணி உலகில் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டால், சூடான நாடுகளுக்கு மனிதன் மாடு கொண்டுபோன வழிகள் அதில் அப்படியே தெரியும். உண்ணிக்குச் சிறகில்லை, தன் காலால் சில மீற்றர் போவதே பெரிது. மிருகம் போகிற தூரம்தான் அதன் தூரம்.

இந்த இனத்தின் விசேஷம், லார்வாவாக ஒரு மாட்டில் ஏறினால் அதே மாட்டிலேயே நிம்ப் ஆகி, முழு வளர்ச்சியும் அடைந்து, இணைசேர்ந்து, வயிறு நிறைந்த பிறகுதான் கீழே விழும். எல்லாம் முடிய ஏறக்குறைய மூன்று வாரம். விழுந்த பெண், குப்பைக்குள்ளோ சாணத்துக்கு அடியிலோ ஊர்ந்து போய் 2,000 முதல் 3,000 வரை முட்டையிட்டுச் செத்துப்போகும். நம் வெப்பத்தில் மூன்று நான்கு வாரத்தில் முட்டை பொரிக்கும். லார்வாக்கள் புல் நுனிக்கு ஏறி, முன்னங்கால்களை விரித்துக்கொண்டு நிற்கும். முன்னங்காலில் உள்ள ஓர் உறுப்பு மூச்சுக் காற்றையும் உடம்புச் சூட்டையும் வாசனையையும் உணரும். மாடு உரசிப் போனால் போதும்.

இதில் பட்டிக்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. வயிறு நிறைந்த பெண் உண்ணிகள் நாள் முழுவதும் ஒரே அளவில் விழுவதில்லை. பெரும்பாலானவை விடியற்காலையில் விழும். விடியற்காலையில் வன்னி மாடு எங்கே நிற்கிறது? பட்டிக்குள். அல்லது பட்டி வாசலைக் கடந்து முதல் புல்லில் வாய் வைக்கும் இடத்தில். ஆக அடுத்த தலைமுறை உண்ணி பொரிக்கும் இடம் நாமே முள் வெட்டி அடைத்துக் கொடுத்த நிலம்தான்.

என் அப்பாவின் காலத்தில் பட்டி ஒரே இடத்தில் இருந்ததில்லை. அறுவடை முடிந்ததும் வயலுக்குள் பட்டி அடைப்பார்கள், எருவுக்காக. ஒரு துண்டில் சில நாள், பிறகு அடுத்த துண்டு. காலபோக விதைப்பு தொடங்கும்போது மாடுகளைக் காட்டுக்குச் சாய்ப்பார்கள், அங்கே வேறு பட்டி. உண்ணியை நினைத்து அவர்கள் அதைச் செய்யவில்லை. ஆனால் முட்டை பொரித்து லார்வா புல் நுனிக்கு வரும்போது மாடு அங்கே இருக்காது. மாசி பங்குனி வெயிலில் வெட்டவெளி வயலில் நின்ற லார்வாக்கள் வாரக்கணக்கில் காய்ந்து சாகும். இன்று நிரந்தரக் கம்பி வேலி போட்ட பட்டிகள் கூடிவிட்டன. களவு பயம், மேய்ச்சல் தரை சுருங்கியது, வயல் எல்லாம் தனித்தனி ஆட்களுடையது, எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் ஒரே நிழல் மரத்தின் கீழ் வருடக்கணக்கில் மாடு படுக்கிறது. சாணமும் ஈரமும் நிழலும் சேர்ந்தால் லார்வாக்கள் மாதக்கணக்கிலும் தாக்குப்பிடிக்கும்.

போர் முடிந்து நடந்த மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கலப்பின மாடுகளும் வந்தன. ஜேர்சி, பிரீசியன் கலப்பு. நல்ல பால். ஆனால் நம் நாட்டு மாட்டின் தோல் உண்ணியோடு பல நூறு தலைமுறை பழகியது. அதே பட்டியில் அதே புல்லில் நாட்டு மாட்டில் ஒன்றிரண்டு உண்ணி இருக்கும்போது கலப்பு மாட்டில் கை வைக்க இடமில்லாமல் இருக்கும். உண்ணி கொண்டுவரும் காய்ச்சலிலும் இதே வேறுபாடுதான். பேபீசியா என்ற ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், மூத்திரம் கோப்பித் தண்ணீர் நிறத்தில் போகும், மாடு வெளிறிச் சாயும். கன்றாக இருக்கும்போதே தொற்றித் தப்பிய நாட்டு மாடு பிறகு தாங்கும். வெளியிலிருந்து வந்த பால் மாடு தாங்காது. கடன் எடுத்து வாங்கிய மாடு ஒரே வாரத்தில் சாயும்போது அந்த வீட்டு அம்மா அழுவதைப் பார்ப்பது கொடுமை. நோயை உண்ணிதான் மாட்டுக்கு மாடு கடத்துகிறது என்று அமெரிக்காவில் தியோபால்ட் சிமித்தும் கில்போர்னும் 1893இலேயே நிரூபித்துவிட்டார்கள். கணுக்காலி ஒன்று இப்படி ஒட்டுண்ணி நோயைக் கடத்துகிறது என்று உலகுக்குத் தெரிந்ததே அப்போதுதான். நுளம்பும் மலேரியாவும் அதற்குப் பிறகு.

சரி, காட்டுக்கு வருவோம். காட்டைக் காட்டும் கை முழுப் பிழை இல்லை என்று சொன்னேன் அல்லவா.

மற்ற உண்ணிகளில் பல ஒரே மிருகத்தில் தங்குவதில்லை. லார்வா ஒன்றில் குடிக்கும், விழும், தோல் கழற்றும். நிம்ப் இன்னொன்றில் ஏறும், விழும். முழு உண்ணி மூன்றாவதில். மூன்று உடம்பு, நடுவில் மூன்று முறை நிலம். இப்படிப்பட்ட உண்ணி தன் வாழ்நாளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மிருகத்தில் இல்லாமல் தரையில்தான் கழிக்கிறது. அதனால் இதற்கு ஒரு மிருகம் மட்டும் இருந்தால் போதாது. எலியோ முயலோ கீரியோ சின்னதாக ஒன்று, மானோ மாடோ பன்றியோ பெரிதாக ஒன்று, இரண்டும் ஒரே பற்றைக்குள் நடமாட வேண்டும். அந்தப் பற்றையில் இலைக்குப்பையும் ஈரமும் இருக்க வேண்டும்.

வன்னியைப்போல் இதற்கு வாய்த்த நிலம் குறைவு. பாலையும் வீரையும் நிற்கும் காடு, நடுவில் குளம், குளத்தின் கீழ் வயல், வயலோரம் ஈச்சம்பற்றை, பற்றைக்கு இந்தப் பக்கம் வீடு. முத்தையன்கட்டுக் குளத்தின் பின்பக்கம் கோடையில் தண்ணீர் வற்றும்போது அலைகரையில் புது அறுகு முளைக்கும். காலையில் எருமை, மத்தியானம் மாடு, மாலையில் புள்ளிமான், இரவில் பன்றி, எப்போதாவது யானை. எல்லாம் ஒரே புல். ஆவணி மாதத்துக் கச்சான் காற்றில் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, உண்ணி உயிரோடிருக்கும் ஈரமும் அங்கேதான் மிச்சமிருக்கும்.

எருமைகளில் நொசோமா மான்ஸ்ட்ரோசம் என்று ஒன்று இருக்கிறது. மாட்டிலும் பன்றியிலும் கூட ஏறும். அதன் குஞ்சுகள் எலிகளில் வளரும். நொசோமா என்ற பேரினத்தில் இன்னும் ஓர் இனம்தான் அறியப்பட்டிருக்கிறது, அது கேரளத்தில். ஆக இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், தாய்லாந்துப் பக்கம் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒன்று நம் எருமையின் தொடையிடுக்கில் இருக்கிறது. ஆடுகளின் காதுமடல் உட்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் சின்னதாக, தவிட்டு நிறத்தில் வரிசையாக இருப்பவை பெரும்பாலும் ஹீமாபைசாலிஸ். இன்டர்மீடியா, பிஸ்பினோசா என்று இரண்டு இனங்கள் இங்கே சாதாரணம். ஹயலோமா வேறு விதம். கால்களில் வெள்ளை வளையங்கள் போட்டதுபோல் இருக்கும், வறண்ட நிலத்துக்குப் பழகியது. புல் நுனியில் காத்திருக்காமல், நிழலில் பதுங்கி இருந்து மிருகத்தின் வாசனை வந்ததும் ஓடிவந்து ஏறும் பழக்கம் இவற்றில் சிலவற்றுக்கு உண்டு. இதன் குஞ்சுகள் முயலிலும் தரையில் மேயும் பறவைகளிலும் வளரும். அம்ப்ளியோமா இன்டெக்ரம் பெரிய உண்ணி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் எருமை, மாடு, மரை ஆகியவற்றில் இருக்கும்.

போர்க்காலத்தில் மாடும் காடும் கலந்துபோனதைச் சொல்லாமல் வன்னி உண்ணியைப் பற்றி எழுத முடியாது. 2008, 2009இல் மக்கள் மேற்கிலிருந்து கிழக்காக ஓடியபோது மாடுகளையும் சாய்த்துக்கொண்டுதான் புறப்பட்டார்கள். வழியில் விட்டார்கள். அவிழ்த்துவிட்டார்கள். அவை காட்டோடு சேர்ந்தன. காட்டில் திரியும் குழுமாடு முன்பும் வன்னியில் உண்டு, ஆனால் அத்தனை பட்டிகள் ஒரே நேரத்தில் காட்டு மந்தையானது அதற்கு முன் இல்லை. வயல்கள் பற்றையாயின. வீட்டு முற்றங்களில் நாயுண்ணிச் செடி தலைக்கு மேல் வளர்ந்தது. 2010க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் காட்டு மந்தைகளில் தங்கள் குறி இருக்கிறதா என்று தேடினார்கள். குறி மங்கிப்போன மாட்டை அது நடக்கும் விதத்தை வைத்தே "இது எங்கட வெள்ளைச்சியின்ர கன்று" என்று சொன்ன ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அப்படிப் பிடித்துவந்த மாடுகளின் காதுக்குள்ளும் வாலடியிலும் நான் பார்த்தது, பட்டி மாட்டில் வழக்கமாகக் காண்பதிலிருந்து மாறுபட்ட கலவை. மானும் பன்றியும் படுத்த இடத்தில் படுத்த மாட்டின் கலவை. மாட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் இருந்த கோடு மனிதர்கள் இல்லாமல் போனதும் அழிந்துவிட்டது. அந்தக் கோட்டை வரைந்து வைத்திருந்ததே தினமும் பட்டி திறந்து பட்டி அடைத்த கைகள்தான்.

மனிதருக்கு வரும் உண்ணியைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம், குறிப்பாகக் காதுக்குள் போகும் உண்ணி. இலங்கையில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. காது, மூக்கு, தொண்டைப் பிரிவு வைத்தியர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. காதிலிருந்து எடுத்து ஆராய்ந்தவற்றில் டெர்மாசென்டர் ஆராட்டஸ் என்ற இனத்தின் நிம்ப்கள் முன்னணியில் இருக்கின்றன. அதன் முழு உண்ணி வாழ்வது காட்டுப்பன்றியில். பன்றி எங்கே வருகிறது? மரவள்ளித் தோட்டத்துக்கு, வயலுக்கு, கிணற்றடி வாழைக்கு. பன்றி போன தடத்தில் காலையில் விறகு பொறுக்கப் போகும் பெண்களும், பாலைப்பழக் காலத்தில் பற்றைக்குள் நுழையும் பிள்ளைகளும் அந்த நிம்புக்குக் கிடைத்த அடுத்த உடம்பு. நம்மைத் தேடி அது வரவில்லை. முயலுக்கோ கீரிக்கோ காத்திருந்த இடத்தில் நாம் உரசினோம்.

காதுக்குள் போனால் உயிர் போகிற வலி. நல்லெண்ணெய், மண்ணெண்ணெய், உப்புத் தண்ணீர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தயவுசெய்து மண்ணெண்ணெயைக் காதுக்குள் விடாதீர்கள். ஈர்க்கால் குத்தாதீர்கள். நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். காதுப்பறைக்கு அருகில் ஒட்டியிருந்த உண்ணியால் முகத்தின் ஒரு பக்கம் தற்காலிகமாகக் கோணிப்போனதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. தோலில் ஒட்டியது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. தோலோடு ஒட்டி, தலைப் பகுதியைச் சின்ன இடுக்கியால் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தால் வரும். நெருப்பால் சுடுவதும் வயிற்றை நசுக்குவதும் கூடாது, உள்ளே இருப்பதை அது நம் உடம்புக்குள் கக்கிவிடும்.

நோய் பற்றிய பயத்தையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் என்ற காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, பிறகு மனிதர்களுக்குக் காய்ச்சல் வந்தது. கடத்தியது ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற உண்ணி. அதே இனம் இலங்கையிலும் இருக்கிறது. இதைக் கேட்டதும் பலர் திடுக்கிடுவார்கள். உண்ணி இருக்கும் இடமெல்லாம் கிருமி இருப்பதில்லை. கிருமி, அதைப் பெருக்கும் மிருகம், கடத்தும் உண்ணி, நடுவில் போகும் மனிதன் என எல்லாம் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். வடக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலை. யாழ்ப்பாணத்தில் மாரி காலத்தில் நன்கு பதிவான நோய் அது. பலர் அதை உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள், ஆனால் அதைக் கடத்துவது உண்ணி இல்லை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிலந்திப்பேனின் லார்வா. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கும். விடாத காய்ச்சலோடு அப்படி ஒரு பொருக்கு அக்குளிலோ தொடையிடுக்கிலோ இருந்தால் வைத்தியரிடம் காட்டிச் சொல்ல வேண்டும். காலத்தோடு சொன்னால் எளிதாக மாற்றக்கூடிய நோய் அது.

வெளிநாட்டில் இருக்கும் நம் சனத்துக்கும் ஒன்று. வன்னியை விட்டுப் போய்விட்டோம், உண்ணியையும் விட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் ஸ்கார்பரோவின் ரூஜ் பள்ளத்தாக்குக் காட்டில் கறுத்தக்கால் உண்ணி நிலைகொண்டிருக்கிறது. சின்ன வயதில் வெண்பாத எலியில், பெரிதானதும் வெள்ளைவால் மானில் வாழும் அது, லைம் நோயைக் கடத்தும். 1975இல் கனெக்டிகட்டின் லைம் என்ற ஊரில் பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியதிலிருந்துதான் அந்த நோய் வெளிச்சத்துக்கு வந்தது. குளிர் குறையக் குறைய அந்த உண்ணி ஒன்ராறியோவில் வடக்கே ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் பேரினமான இக்ஸோடெஸ் குளிர் நாடுகளில் பேர்போனது, கடற்பறவைகளோடு தென்துருவப் பக்கத்துப் பென்குவின்கள் வரை போயிருக்கும் இனமும் அதில் உண்டு. நாயுண்ணியோ ஆபிரிக்காவில் தொடங்கி நாயோடு உலகமெங்கும் போனது. மூன்று பருவத்திலும் நாயையே தேடும், சுவர் வெடிப்பில் விழுந்து தோல் கழற்றும். அதனால்தான் வீட்டுக்குள் சுவரில் ஏறிக்கொண்டிருக்கிறது. நாயை மட்டும் கழுவாமல் சுவர் வெடிப்பையும் அடைக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் தொல்லை தரும் உண்ணிகள். எனக்கு மிகவும் பிடித்தவை வேறு, அவற்றைப் பற்றி எழுதாமல் போக மனமில்லை.

மடுப் பக்கமும் மன்னார்ப் பக்கமும் முதல் மழைக்கு நட்சத்திர ஆமைகள் வெளியே வரும். ஓட்டுக்கும் தோலுக்கும் இடையில், பின்னங்கால் மடிப்பில் அம்ப்ளியோமா க்ளிபியோலேட்டம் ஒட்டியிருக்கும். அது அந்த ஆமையின் உண்ணி. மாட்டில் வராது. இந்தியாவிலும் இலங்கையிலும் இந்த ஆமை இருக்கும் நிலம்தான் அதன் நாடு. உடும்பின் காலிடுக்கிலும் வாலடியிலும் இருப்பது அம்ப்ளியோமா ஜெர்வெய்சி. அழுங்கின் செதில்களுக்கு அடியில் அம்ப்ளியோமா ஜாவனென்ஸ். கெட்டியான செதிலும் ஓடும் கொண்ட உடம்புகளில் வாழ்வதற்கென்றே பழகிய உண்ணிகள். பல இலட்சம் வருடங்கள் சேர்ந்து நடந்த உறவு இது.

இந்த மிருகங்களுக்கு என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். அழுங்கை இறைச்சிக்காக வெட்டுகிறார்கள். நட்சத்திர ஆமையைப் பெட்டியில் அடைத்துக் கடல் தாண்டிக் கடத்துகிறார்கள். 2019இல் அதை உலக வர்த்தகத்துக்கு முழுத் தடை உள்ள பட்டியலில் சேர்த்த பிறகும் பிடிபடுகின்றன. ஆமை போனால் அதன் உண்ணியும் போகும், அதற்காக யாரும் ஒரு வரி எழுதப்போவதில்லை. ஓர் ஒட்டுண்ணி அழிந்தால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், அது இருக்கிறதென்றால் ஆமை போதுமான எண்ணிக்கையில் இருக்கிறது, ஒன்றையொன்று சந்திக்கிறது, காடு துண்டுபடவில்லை என்று பொருள். தனக்கென்று ஓர் உடம்பை மட்டும் நம்பியிருக்கும் உயிருக்கு அந்த உடம்புகள் அருகருகே இருந்தால்தான் வாழ்வு. வன்னிக் காட்டின் நலத்தை எனக்கு இதைவிட நேராகச் சொல்லும் அடையாளம் வேறில்லை.

உண்ணியைத் தின்பவை பற்றியும் கேட்பார்கள். உண்ணிக்கொக்கு மாட்டின் முதுகில் நிற்பதைப் பார்த்து அது உண்ணியைத்தான் தின்கிறது என்று நினைக்கிறோம். தின்னும்தான், ஆனால் அதன் வயிற்றை நிரப்புவது மாட்டின் கால் பட்டு எழும்பும் வெட்டுக்கிளிகள். இன்னொன்றும் உண்டு. ஆபிரிக்க உண்ணி ஒன்று 19ஆம் நூற்றாண்டில் செனகல் மாடுகளோடு கரீபியனில் குவாதலூப் தீவுக்குப் போனது. நூறு வருடத்துக்கும் மேல் சில தீவுகளோடு நின்றிருந்தது. பிறகு உண்ணிக்கொக்குகள் அங்கே பரவியதும், அவற்றின் உடம்பில் ஏறிய குஞ்சு உண்ணிகள் தீவு விட்டுத் தீவு போய்விட்டன. காகமும் மைனாவும் பொறுக்குவது நல்லதுதான், முற்றத்துக் கோழி இன்னும் நல்லது. பறவையை நம்பி மட்டும் இருக்க முடியாது.

மருந்தையும் அப்படித்தான். நஞ்சு மருந்துக்கு உண்ணி பழகிவிடும். அவுஸ்திரேலியாவில் 1930களிலேயே ஆர்செனிக் தொட்டியில் முக்கி எடுத்த மாடுகளில் உண்ணி சாகாமல் போனது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு மருந்துக்கும் இதே கதை. கலக்கும் அளவைக் குறைத்து, தெளித்தும் தெளிக்காமலும் அடிப்பதுதான் பழக்கிவிடும் வழி. மருந்து அடிப்பதென்றால் சொன்ன அளவில், பட்டியில் உள்ள எல்லா மாட்டுக்கும், காது, அலைதாடி, மடி, வாலடி விடாமல் அடியுங்கள். அதைவிட முதலில் பட்டியை மாற்றுங்கள். நிரந்தர வேலி போட்டிருந்தால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தை மாதக்கணக்கில் வெயிலுக்கு விட்டுவிடுங்கள். நிழல் மரத்தின் கீழ்க்கொப்புகளைக் கொஞ்சம் தறித்தால் வெயில் தரையில் விழும். பட்டியைச் சுற்றிப் புல்லைச் செதுக்குங்கள், சாணத்தை அன்றாடம் அள்ளுங்கள். காசு செலவில்லாத வேலை, உடம்பு வேலைதான். கலப்பு மாட்டைக் காட்டோரம் மேய விடாமல் புல் வெட்டிப் போட முடிந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இலங்கையின் உண்ணிகளை செனவிரத்ன 1965இல் தொகுத்து எழுதினார், அண்மைக் காலத்தில் பேராதனைப் பக்கத்து ஆய்வாளர்கள் நிறையச் சேகரித்திருக்கிறார்கள். வன்னிக்குள் வந்து சேகரிக்க முப்பது வருடம் யாருக்கும் வழி இருக்கவில்லை. மல்லாவியில் எந்த உண்ணி, மாங்குளத்தில் எது, கட்டுக்கரைக்குளத்துப் பக்கம் எது என்று ஊர் ஊராகத் தெரிய வேண்டும். வீதியில் அடிபட்டுக் கிடக்கும் முயலிலோ கீரியிலோ, வீட்டு ஆட்டிலோ, உங்கள் காலிலோ உண்ணி கண்டால் நசுக்காமல் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் ஸ்பிரிட் விட்டுப் போட்டுவையுங்கள். எந்த மிருகம், உடம்பில் எந்த இடம், எந்த ஊர், என்ன திகதி என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி உள்ளேயே போடுங்கள். உயிரோடிருக்கும் ஆமையையோ அழுங்கையோ இதற்காகப் பிடிக்க வேண்டாம், அது சட்டப்படியும் குற்றம். அருகில் உள்ள மிருக வைத்தியரிடமோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும் பிள்ளையிடமோ கொடுத்தால் போதும். எழுதும்போது பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.